இழுப்பறைக்குள் ஒலித்த எச்சரிக்கை

"நான் சொன்னேன் மேடம். அது கேக்க மாட்டேங்கு," என்றான் உச்சிமகாளி.

மெரிட்டா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எது கேக்கல?"

"மூணாவது கட்டம்."

"எங்க வச்சுச் சொன்னீங்க?"

"மொதல் கட்டத்துல."

"மொதல்ல சொன்னத மூணாவது எப்படிக் கேக்கும்?"

"ஒரே வரிசைதானே மேடம்."

மெரிட்டா விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே கட்டிகளை நொறுக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேசைகள் நடுங்கும். அங்கே வேலை செய்தவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

அவர்கள் பராமரித்த செயலிக்கு ஒரே வேலைதான். காற்றும் அலையும் மிகும் என்று வானிலை நிலையம் எச்சரித்தால், அது படகு உரிமையாளர்களின் கைப்பேசிகளை அழைக்கும். பதிவு செய்த குரலில் பேசும். நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும்.

குரல் மெரிட்டாவுடையது.

செயலியில் எதையேனும் மாற்றினால் மூன்று கட்டங்கள் தாமாக ஓடும். முதல் கட்டம் புதிய பதிப்பைக் கட்டி அதற்கு ஓர் எண் தரும். இரண்டாவது, அதைச் சோதிக்கும். மூன்றாவது, அந்த எண்ணுக்குரிய பதிப்பை எடுத்து வெளியிடும். கட்டம் தடையின்றி முடிந்தால் திரையில் பச்சை காட்டும், இல்லாவிட்டால் சிவப்பு. இந்த வரிசைக்குப் பைப்லைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழாய் என்று கேள்விப்பட்டவர், ஒரு முனையில் ஊற்றியது மறுமுனையில் வரும் என்று நம்புவார்.

உச்சிமகாளி நம்பினான்.

அவனுக்கு வயது நாற்பத்தாறு. பாலிடெக்னிக் ஒன்றில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன். சேர்வதற்கு மாணவர் இல்லாமல் அது மூடப்பட்டபின், தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடிய வயதுடைய ஒரு பெண்ணிடம் வந்து வேலை கற்றான். அதில் அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை. அவனிடம் மெரிட்டாவுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மற்றபடி அவனுக்குத் தன் பழைய தொழிலின் நோய் இருந்தது. வாயிலிருந்து வெளியேறிய சொல் எதிரில் இருப்பவரின் தலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவன் உறுதியாக நம்பினான். தலையாட்டியவர்களை எல்லாம் புரிந்துகொண்டவர்கள் என்று கணக்கில் வைத்தான்.

மெரிட்டா கர்ப்பமாக இருந்தார். மாதம் முடிந்தால் பேறுகால விடுப்பு.

வெளியீட்டு அனுமதி ஒருவர் பெயரில்தான் இருக்கும். இப்போது மெரிட்டாவின் பெயரில் இருந்தது. விடுப்பில் போகுமுன் அவர் அதை உச்சிமகாளியின் பெயருக்கு மாற்றினால் அலுவலகம் நடக்கும். மாற்றாமல் போனால் வேலையைச் சென்னைக்கு எடுத்துக்கொள்வோம் என்று அங்குள்ள நிர்வாகம் சொல்லியிருந்தது. அப்படி நடந்தால் உச்சிமகாளிக்குப் போக இடம் இல்லை. நாற்பத்தாறு வயதில் புதுத் தொழில் கற்ற ஒருவனை அந்த ஊரில் வேறு யாரும் சேர்க்கப்போவதில்லை.

இது அவனுக்குத் தெரியும். மெரிட்டாவுக்கும் தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"இன்னொரு தடவை ஓட்டினேன் மேடம். மூணு கட்டமும் பச்சை."

"வெளிய போனது?"

"பழைய பதிப்பு."

புதிய பதிப்பில் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. பழையதில் அவை இல்லை. புதியது வெளியே போகும்வரை அந்தக் கிராமங்களில் ஒரு கைப்பேசியும் ஒலிக்காது.

"பதிப்பு எண்ண ஒரு வேரியபிள்ல வச்சேன். மொதல் கட்டத்துல அச்சடிச்சும் பாத்தேன். எண் இருக்கு. மூணாவது கட்டத்துல அதே வேரியபிளப் பாத்தா வெறுமை."

வேரியபிள் என்பது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும், பெயரெழுதிய டப்பா போன்றது.

"ஒரு டீ வாங்கிட்டு வாங்க சார்," என்றார் மெரிட்டா.

"மேடம், நான் கேட்டது..."

"டீ. எனக்கு எப்படி வேணும்னு காலையிலயே கடையில சொல்லிட்டேன்."

அவன் போனான். வந்தான். மெரிட்டா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சர்க்கரை."

உச்சிமகாளிக்கு முகம் சுருங்கியது. கர்ப்பத்தில் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. இனிப்பே தொடக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு.

"கடையில சொல்லிட்டேன்னு சொன்னீங்களே மேடம்?"

"சொன்னேன். காலையில இருந்த மாஸ்டர்கிட்ட."

"இப்ப வேற ஆளு நிக்காரு."

"அவரு உங்ககிட்ட கேட்டாரா?"

"இல்ல."

"நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்கதான் சொல்லியாச்சுன்னீங்களே!"

மெரிட்டா டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க குடிங்க. நீங்க சர்க்கரை போட்டுத்தான குடிப்பீங்க."

உச்சிமகாளி குடித்தான். பாதி டம்ளரில் நிறுத்தினான்.

"ஒவ்வொரு கட்டத்துக்கும் மாஸ்டர் மாறிருதாரா?"

"கட்டம் தொடங்கும்போது புதுசா ஒரு கணினி. கட்டம் முடிஞ்சதும் அதை அழிச்சிரும். அது கேட்டது, பாத்தது, கணக்குப் போட்டது எல்லாம் அதோட போச்சு."

"சரி மேடம். எண் கைக்கு வரலியே. மூணாவது ஏன் சத்தம் போடல?"

"மாஸ்டர் சத்தம் போட்டாரா?"

உச்சிமகாளி டம்ளரின் அடியைப் பார்த்தான்.

"சர்க்கரை போட்டாரு."

மெரிட்டா மீண்டும் திரைக்குத் திரும்பினார்.

அடுத்த நாள் மெரிட்டா மருத்துவமனைக்குப் போயிருந்தார். உச்சிமகாளி தனியாக வேலை செய்தான். மதியத்துக்குள் முடித்துவிட்டான். பெருமையை அடக்க முடியாமல் அவரைக் கைப்பேசியில் அழைத்தான்.

"பதிப்பு எண் போய்ச் சேந்துட்டு மேடம்! புதுப் பதிப்பு தயார். மூணு கட்டமும் பச்சை. நீங்க அனுமதி கொடுத்தாப் போதும்."

பின்னால் செவிலி ஒருத்தி யாருடைய பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றிருந்த மெரிட்டாவுக்குக் கால் கடுத்தது.

"எல்லாம் பச்சையா?"

"எல்லாம் பச்சை."

"சரி," என்றார். கைப்பேசியிலேயே அனுமதி தந்தார்.

மறுநாள் மாலை வானிலை நிலையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. நாளைக் காலையிலிருந்து காற்று பலமாக வீசும். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது.

கீழே ஐஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விடியுமுன் புறப்பட வேண்டிய படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப கூப்பிடத் தொடங்கிரும்," என்றான் உச்சிமகாளி. "புதுப் பதிப்போட மொதல் அழைப்பு. ஊரு பூரா உங்க குரல் கேக்கப்போவுது மேடம்."

கேட்டது.

மெரிட்டாவின் மேசை இழுப்பறைக்குள்ளிருந்து கேட்டது.

அதில் சோதனைக்கென்று வைத்திருந்த பழைய கைப்பேசிகள் கிடந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தன. உச்சிமகாளி இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்தான். மெரிட்டாவின் குரல் நிதானமாகச் சொன்னது:

"நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம். நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்."

அவன் சிரித்தான். "டெஸ்ட் போனுக்கும் வருதே!"

மெரிட்டா சிரிக்கவில்லை. திரையில் அழைப்புப் பட்டியலைத் திறந்தார்.

"டெஸ்ட் போனுக்கு மட்டும் வருது."

"என்னது?"

"எண்ண எப்படி அனுப்பினீங்க?"

"அதுவா... எது வேணும்னு மூணாவது கட்டத்துக்குத்தானே தெரியும்? அதான் முந்தின கட்டங்கள்ல இருந்த எல்லா வேரியபிளையும் ஒரு கோப்புல கொட்டி கூடவே அனுப்பிட்டேன். வேண்டியத எடுத்துக்கட்டும்னு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

"ரெண்டாவது கட்டத்துல, இது சோதனைன்னு சொல்லுத வேரியபிள் ஒண்ணு இருந்துச்சுல்லா? நெசமான எண்களக் கூப்பிடாதே, டெஸ்ட் போன மட்டும் கூப்பிடுன்னு?"

உச்சிமகாளியின் கையிலிருந்த கைப்பேசி இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"ஆமா."

"அது இப்ப எங்க?"

கோப்பில்தான் இருந்தது. மூன்றாவது கட்டம் அதையும் எடுத்துக்கொண்டது. வெளியே போன செயலி, தான் இன்னும் சோதிக்கப்படுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

ஊரில் ஒரு கைப்பேசியும் ஒலிக்கவில்லை.

"அதச் சரி செஞ்சு திரும்ப ஓட்டவா மேடம்?"

"அத நான் பாக்கேன். கிராமங்களுக்கு நானே போன் போடுதேன். நீங்க கீழ போய்ச் சொல்லுங்க."

ஐஸ் ஆலை வாசலில் ஜெனோவா நின்றிருந்தாள். இரண்டு விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரி. ஐஸ் பெட்டிகளை ஏற்றுபவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெனோவாக்கா, ஒங்க போனுக்கு ஏதும் வந்துச்சா?"

"எம் மவ கூப்பிட்டா. வேற ஒண்ணும் வரல."

"நாளைக்குக் காத்து இருக்கு. எந்தப் போட்டும் கடலுக்குப் போகக் கூடாது."

ஜெனோவா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐஸ ஏத்தி முடிக்கப் போறேன். இப்ப வந்து சொல்லுதீரு. ஒங்க கம்ப்யூட்டர் என்ன செஞ்சுச்சு, தூங்கிச்சா?"

"அது எங்க போனையே கூப்பிட்டுட்டு."

"நல்லாருக்கு வாத்தியாரே. நீரு கடலுக்குப் போவாம இருக்கணும்னு ஒமக்கே போன் போட்டுச்சாக்கும்."

ஏற்றுபவர்கள் சிரித்தார்கள். ஜெனோவா சிரிக்கவில்லை.

"ரெண்டு போட்டுலயும் என் ஆளுங்க இருக்காங்க. அதுல ஒருத்தன் என் தம்பி. தெரியுமா?"

"தெரியும்க்கா."

"பெறவு ஏன் இங்க நிக்கீரு? சங்கத்துல மைக் இருக்கு. போம்!"

அவன் ஓடினான். படகு உரிமையாளர் சங்கத்தின் ஒலிபெருக்கியில் சொன்னான். நன்றாகவே சொன்னான். வகுப்பறைக்குப் பழகிய குரல் துறைமுகத்தின் மறுகோடி வரை போனது. நிறுத்தி, தெளிவாக, இரண்டு முறை சொன்னான்.

படகுகளில் இருந்தவர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

மைக்கை வைத்துவிட்டுத் திரும்பியவன் நின்றான். தூக்கிய கைகளைப் பார்த்தான். பல ஆண்டுகளாக ஆடிய தலைகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

முதல் படகுக்குப் போனான். ஓட்டுநர் டீசல் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் என்ன சொன்னேன்?"

"எப்ப?"

"இப்ப. மைக்ல."

"இஞ்சின் ஓடிச்சு சார். ஒண்ணும் கேக்கல."

"கையத் தூக்கினியே?"

"எல்லாரும் தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

உச்சிமகாளி படகு படகாகப் போனான். ஒவ்வொருவரிடமும் சொன்னான். சொன்னதைத் திருப்பிச் சொல்லும்வரை அங்கிருந்து நகரவில்லை. சிலர் எரிச்சல்பட்டார்கள். ஒருவன், நாங்க என்ன ஒண்ணாப்பு பிள்ளைகளா என்று கேட்டான். அவனும் திருப்பிச் சொன்னபிறகுதான் உச்சிமகாளி அடுத்த படகுக்கு நகர்ந்தான்.

மறுநாள் காற்று எழுந்தது. படகுகள் கட்டிக் கிடந்தன. யாரும் நன்றி சொல்லவில்லை. உருகிய ஐஸுக்காக ஜெனோவா மட்டும் மாடியைப் பார்த்துத் திட்டினாள்.

உச்சிமகாளி மெரிட்டாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"தப்பு என்னுது மேடம். சென்னைக்கு எழுதிருங்க."

"என்னன்னு எழுத?"

"உச்சிமகாளி எதையும் பாக்காம எல்லாத்தையும் அனுப்பினான்னு."

"அனுமதி கொடுத்தது யாரு?"

"நீங்க."

"கொடுக்கும்போது நான் என்ன கேட்டேன்?"

"எல்லாம் பச்சையான்னு கேட்டீங்க."

"அது ஒரு கேள்வியா?"

இல்லை என்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. ஆம் என்பது பொய்.

"உக்காருங்க," என்றார் மெரிட்டா.

அவன் உட்காரவில்லை.

"மேடம், மூணாவது கட்டத்துக்கு ஒண்ணும் கொடுக்காம விட்டா வெறுங்கையோட நிக்கி. எல்லாத்தையும் கொடுத்தா வேண்டாததையும் சொமந்துட்டு வருது. அப்ப நான் எதைத்தான் கொடுக்க?"

"என்கிட்ட கேக்காதீங்க."

"வேற யாருகிட்ட கேக்க?"

"மூணாவது கட்டத்தத் தெறங்க."

"தெறந்திருக்கு."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"வெளியிடு."

"எத?"

"வந்தத."

"ஒண்ணும் வராட்டி?"

"ஏற்கெனவே இருக்கறத."

"இத எழுதின புண்ணியவான் யாரு?"

உச்சிமகாளி திரையின் மூலையில் இருந்த தன் பெயரைப் பார்த்தான்.

"நாந்தான்."

மெரிட்டா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

அவன் அன்று சாப்பிடவில்லை. கோப்பை அழித்தான். முதல் கட்டத்துக்குப் போகவில்லை. மூன்றாவது கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தான். தான் அந்தக் கட்டமாகவும், சற்றுமுன் பிறந்தவனாகவும், ஒன்றும் தெரியாதவனாகவும் இருந்தால் வேலையைத் தொடங்க என்ன தேவைப்படும் என்று யோசித்தான்.

எந்தப் பதிப்பு. யாருக்கு. யாருடைய அனுமதி.

வேறு எதுவும் தேவைப்படவில்லை. அவனுக்கே வியப்பாக இருந்தது.

அந்த மூன்றையும் கட்டத்தின் தலையில் எழுதினான். எது இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், வேறொன்றை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதினான். நிற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதினான். பிறகு ஓட்டினான்.

முதல் கட்டம் பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது சிவப்பு.

சாப்பிட்டுவிட்டு வந்த மெரிட்டா அவனுக்குப் பின்னால் நின்றார்.

"சிவப்பு மேடம்," என்றான் உச்சிமகாளி. குரல் இறங்கியிருந்தது.

"பாக்கேன்."

"சென்னையிலயும் தெரியும்."

"தெரியட்டும்."

திரையில் இருந்ததை அவர் படித்தார். *யாருக்கு என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நிற்கிறேன்.*

"இத யாரு எழுதினா?"

"நாந்தான்."

மெரிட்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அப்படி உட்கார்ந்ததில்லை.

"நல்லாருக்கு," என்றார்.

மாலைக்குள் முதல் கட்டம் எண்ணை மட்டும் கையில் எடுத்துக் கொடுத்தது. மூன்றாவது அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியது; யாருக்கு, யாருடைய அனுமதி என்பவற்றையும் அப்படியே கேட்டு வாங்கியது. அடுத்த எச்சரிக்கை வந்தபோது கடற்கரைக் கிராமங்களில் கைப்பேசிகள் ஒலித்தன. இழுப்பறை அமைதியாக இருந்தது.

வெளியீட்டு அனுமதி மெரிட்டாவின் பெயரிலேயே இருந்தது.

மாதக் கடைசி வந்தது.

விடுப்புக்கு முந்தைய நாள் மெரிட்டா பேசினார். காலையில் தொடங்கியவர் நண்பகல் வரை பேசினார். வானிலை நிலையத்தில் யாரைக் கூப்பிடுவது, தொலைபேசி நிறுவனம் இழுத்தடித்தால் என்ன செய்வது, சென்னைக்கு எப்போது பதில் எழுதலாம், எப்போது எழுதாமல் இருப்பது நல்லது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"அவ்வளவுதான் சார். புரிஞ்சுதா?"

உச்சிமகாளியின் கழுத்து தன் பழக்கப்படி அசையத் தொடங்கியது. அவன் அதை நிறுத்தினான்.

"தெரியல மேடம்."

"இவ்வளவு நேரம் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

"என்கிட்டதான். நீங்க ஒங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொன்னீங்க. அதுல எனக்கு வேண்டியது எதுன்னு எனக்குத் தெரியல. நான் கேக்கட்டுமா?"

மெரிட்டா நாற்காலியில் சாய்ந்தார்.

"கேளுங்க."

"நிலையத்துல இருந்து ஒரு எச்சரிக்கையும் வரல. ஆனா எனக்கு வானம் சரியாத் தெரியல. நான் என்ன செய்ய?"

கீழே இயந்திரம் நின்றது. மேசையின் நடுக்கமும் நின்றது. மெரிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத நான் சொல்லலியா?"

"சொல்லல."

"நிலையத்துக்குப் போன் போட்டுக் கேப்பேன்."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா... சன்னல்ல நின்னு கீழ பாப்பேன். ஜெனோவாக்கா ஐஸ் ஏத்தலன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். எறங்கிப் போய்ப் பேசுவேன்."

"இது பைப்லைன்ல எங்கயும் இல்லியே மேடம்."

"இல்ல."

"எழுதியும் வைக்கலியே."

"இத்தன வருசத்துல யாரும் கேக்கல."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் இருந்தது அவர் முகம்.

உச்சிமகாளி இன்னும் சில கேட்டான். சிலவற்றுக்கு அவரிடம் உடனே பதில் இருந்தது. சிலவற்றுக்கு யோசித்தார். ஒன்றுக்கு, தெரியாது என்றார்.

"தெரியாதுங்கறத குறிச்சுக்கவா?"

"குறிச்சுக்கோங்க."

வெயில் சாய்ந்தது. அவன் கேட்பதை நிறுத்தினான்.

"முடிஞ்சுதா?"

"இன்னைக்கு வேண்டியது கெடச்சுட்டு மேடம்."

"அப்ப ஒரு டீ சொல்லுங்க சார். களைப்பா இருக்கு."

உச்சிமகாளி எழுந்தான். படிக்கட்டு வரை போனான். அந்தச் சர்க்கரை டீக்குப் பிறகு அவர் குடிக்கும் டீயை வாங்கி வந்தது அவன்தான். சர்க்கரை இல்லாமல், தூள் கூட்டி, சற்றுக் கடுப்பமாக. உறக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

முதல் படியில் நின்றான். திரும்பினான்.

"இன்னைக்கு எப்படி வேணும் மேடம்?"

மெரிட்டா அவனைப் பார்த்தார்.

"டீ நெஞ்சக் கரிக்கி," என்றார். "இன்னைக்குப் பால் போதும். சர்க்கரை இல்லாம."

அவன் பால் வாங்கிவர இறங்கிப் போனான். கடையில் அவன் இதுவரை பார்க்காத ஆள் ஒருவன் நின்றிருந்தான். அந்த ஆளின் கை சர்க்கரை டப்பாவை நோக்கிப் போகுமுன் உச்சிமகாளி சொன்னான். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான்.

அவன் திரும்பி வந்தபோது மெரிட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் கணினி திறந்திருந்தது. மூன்றாவது கட்டம் சிவப்பாக நின்றது.

*யாருடைய அனுமதி என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நிற்கிறேன்.*

மெரிட்டாவின் பெயர் இருந்த இடத்தில் இப்போது எந்தப் பெயரும் இல்லை; புதுப் பெயர் எழுத அது திறந்திருந்தது.

உச்சிமகாளி பாலை அவர் கையில் கொடுத்தான். நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான்.